வங்காநரியும் குடியானவரும்

சேலம் ஜில்லாவில் வாழப்பாடியைச் சூழ்ந்துள்ள கிராமங்களில் வங்காநரியை அறியாத குடியானவர் இலர். கரட்டு அடிவாரங்களிலும் தரிசு நிலங்களிலும் ஓடைக் கரைகளிலும் வளை தோண்டி வாழும் இச்சிறு பிராணி, அந்தி மயங்கியதும் வெளிப்பட்டுக் கடலைக் காட்டிலும் சோளக் கொல்லையிலும் களத்துமேட்டிலும் உலாவுகின்றது. பொங்கற் காலத்தில் இதன் முகத்தில் விழித்தால் அவ்வாண்டு மழையும் விளைச்சலும் பெருகும் என்பது இவ்வட்டாரத்தாரின் நெடுநாளைய நம்பிக்கை. ஆயினும், கோழி ஒன்று காணாமற்போனால் முதற்கண் பழி சுமத்தப்படுவதும் இதன்மீதே. யோகம் தரும் என்று வலை விரித்துப் பிடிப்பதும், கோழி திருடும் என்று நாயை ஏவிக் கொல்வதும் ஆகிய இரண்டினாலும் நஷ்டமடைபவர் குடியானவரே என்பது இவண் விளக்கப்படுகின்றது.

அடையாளம்

நரி என்று பொதுவாகச் சொல்லப்படும் பிராணிகள் தமிழ்நாட்டில் இருவகைப்படும். இரவில் கூட்டமாக ஊளையிடும் பெருநரி, நாய் இனத்துடன் நெருங்கிய உறவுடையது. 7 முதல் 11 கிலோ வரை எடையுள்ளது. வங்காநரியோ 2 முதல் 3 கிலோ எடையே உடையது. நன்கு வளர்ந்த நாட்டுச் சேவலினும் பெரிது என்று சொல்லுவதற்கில்லை. கூரிய முகமும், நீண்ட காதுகளும், மெல்லிய கால்களும், நுனி கறுத்த அடர்ந்த வாலும் இதன் அடையாளங்கள். வளர்ந்த ஆட்டைக் கொல்லும் வலிமை இதற்கில்லை. ஆகவே, பட்டியில் ஆடு மாண்டு கிடந்தால் நாய் முதலிய பிற பிராணிகளின் கால் தடம் உளதா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

உணவும் உபகாரமும்

வயலெலி, சுண்டெலி, வெட்டுக்கிளி, வண்டு, கறையான், நண்டு, ஓணான் ஆகியவையும், இலந்தை முதலிய பழங்களுமே இதன் முக்கிய உணவு. சில வேளைகளில் வெள்ளரி, தர்ப்பூசணிக் காய்களையும் கடிப்பதுண்டு. காவலின்றித் திரியும் கோழிக்குஞ்சையும் கவர்வதுண்டு. ஆனால், வரப்பைத் துளைத்து நீரை வீணாக்கியும் கதிரை அறுத்து வளையிற் சேர்த்தும் வயலெலிகள் விளைக்கும் சேதத்தோடு ஒப்பிட்டால் இந்நஷ்டம் அற்பமானது. கூலியின்றி இரவெல்லாம் எலி பிடிக்கும் காவற்காரனை ஒரு கோழிக்குஞ்சின் பொருட்டு இழப்பது விவேகமன்று.

கோழிகளைக் காத்தல்

கோழி பறிபோவது பெரும்பாலும் கூட்டின் குறையினாலேயே ஆகும். பின்வரும் ஏற்பாடுகள் நரிக்கு மட்டுமன்றிக் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் தடையாகும்.

1. பொழுது சாயுமுன் கோழிகளைக் கூட்டில் அடைத்துக் கதவைத் தாழிடுக. பஞ்சாரத்தில் கவிழ்ப்போர் அதன்மேல் கனத்த கல்லை வைத்தல் அவசியம்.

2. கூட்டின் பக்கங்களுக்குச் சிறுகண் கம்பிவலை அடித்து, அதன் அடிப்பாகத்தை ஒரு அடி ஆழம் மண்ணிற் புதைக்கவும். கூட்டைக் கால்நட்டு உயர்த்திக் கட்டுதல் இன்னும் நலம்.

3. செத்த கோழிகளையும் இறைச்சிக் கழிவையும் வெளியில் எறியலாகாது. ஆழக் குழிவெட்டிப் புதைக்கவும். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் கழிவே நரியையும் தெருநாயையும் வாசலுக்கு அழைக்கின்றது.

4. நஞ்சு தின்று மாண்ட எலிகளையும் அவ்வாறே புதைக்கவும். இறைச்சியில் நஞ்சோ வெடியோ வைத்தல் சட்டவிரோதமாகும். மாட்டையும், காவல் நாயையும், சில சமயம் குழந்தையையும் பலிகொள்ளும்.

நாய்களால் வரும் தீங்கு

அவிழ்த்துவிடப்பட்ட நாய்கள் நரிகளைத் துரத்திக் கொல்லுவதுடன் நோயையும் பரப்புகின்றன. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரை அடுத்த நன்னஜ் புல்வெளிப் பகுதியில் நடந்த ஆராய்ச்சிகளில், நாய்களைப் பீடிக்கும் டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய கிருமிகள் இந்நரிகளையும் தொற்றியமைக்குச் சான்று கிடைத்தது. வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுதல் வீட்டாருக்கும் காவல். பகலில் அச்சமின்றித் தள்ளாடி வரும் நரியை எவரும் அணுகலாகாது. நாயோ நரியோ கடித்தால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

பொங்கலும் நரி பிடித்தலும்

வாழப்பாடி வட்டாரத்துக் கிராமங்கள் சிலவற்றில் பொங்கலையொட்டி வங்காநரியை வலையிட்டுப் பிடித்து, மாலை சூட்டி, கோயில் முன்னர் ஓடவிட்டுப் பின்னர்க் காட்டில் விடுவது வழக்கம். நரியைக் கொல்லவில்லையே, விட்டுவிடுகின்றோமே என்பது ஊராரின் சமாதானம். இங்குக் காலத்தைக் கவனித்தல் வேண்டும். இந்நரிகள் மார்கழி, தை மாதங்களில் இணை சேருகின்றன. சுமார் 50 நாள் சினைக்குப் பின் மாசி, பங்குனியில் குட்டி ஈனுகின்றன. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 குட்டிகளே. ஆகையால், தை மாதத்தில் வலையில் விழுவது சினைப்பட்ட பெண்நரியாகவும் இருக்கலாம். கூட்டத்தின் ஆரவாரத்திலும் கட்டிலும் அது அடையும் பீதி கருவையும் உயிரையும் பாதிக்கக்கூடும். ஆண்நரி அகப்பட்டாலும் கேடே. குட்டிகளுக்கு இரை கொணர்வதில் அதற்கும் பங்குண்டு. நரியின் முகம் யோகம் தருவதாயின், அந்த யோகம் அடுத்த தலைமுறைக்கும் எஞ்சியிருத்தல் வேண்டுமன்றோ?

சட்டமும் கண்டிப்பானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இதன்படி வங்காநரியும் பெருநரியும் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டுள்ளன. இவற்றை வேட்டையாடுதல், வலையிட்டுப் பிடித்தல் ஆகிய குற்றங்களுக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறைவாசமும், ரூ.25,000க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். ஒருநாள் வேடிக்கைக்காக ஊர் இளைஞர் வழக்கில் சிக்குவது எக்குடும்பத்துக்கும் நன்மையன்று.

கிராம அதிகாரிகளின் கடமை

ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் மார்கழியிலேயே ஊர்ப் பெரியோரைக் கூட்டி இவற்றை எடுத்துரைத்தல் நலம். உயிருள்ள நரிக்குப் பதிலாக மரத்தாலோ மண்ணாலோ செய்த உருவத்துக்கு மாலையிட்டு விழா நடத்தினால் வழக்கமும் நிலைக்கும், பிராணியும் பிழைக்கும். மாசி முதல் சித்திரை முடிய வளையுள்ள வரப்புகளையும் தரிசுகளையும் உழாமலும் தீயிடாமலும் விட்டுவைக்க நிலக்காரர்களுக்குச் சொல்லுதல் வேண்டும். வலையோ வெடியோ வைப்பது தெரியவந்தால் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே அறிவித்தல் கடமை.

கூட்டை இறுக்கி, நாயைக் கட்டி, வளையை விட்டுவைத்தால் போதும். இதற்காகும் செலவு சில முழம் கம்பிவலையே. இரவில் வயலெலியைக் குறைக்கும் வேலையை நரி தானே செய்துகொள்ளும்.