யாண்டு 4-ஆ, 47-ஆ?

அரியலூர் மாவட்டக் கல்வெட்டுப் பாடங்கள் அடங்கிய பழைய பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றை வலைப்பக்கமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பெரம்பலூரில் டிடிபி செய்யும் நண்பர் அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. "கன்வர்ட்டர்ல போட்டு ஒட்டிட்டா முடிஞ்சுது சார், அரை மணி நேர வேலை" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் பக்கத்திலேயே குலோத்துங்க சோழனுக்கு 'யாண்டு 47' என்று வந்தது. அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தால் யாண்டு 4. பக்கத்தில் இருந்த 7, கல்லில் ஏழாவது வரி அங்கே தொடங்குகிறது என்று காட்டும் பொடி மேலெழுத்து. நோட்பேடில் ஒட்டியதும் கீழே இறங்கி நாலோடு சேர்ந்துகொண்டது. ராஜராஜன் (985–1014) கல்வெட்டாக இருந்தால் 47-ஐப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும். முதலாம் குலோத்துங்கனோ 1070-இல் பட்டமேறி ஐம்பது ஆண்டு போல ஆண்டவன். அவனுக்கு 47 கச்சிதமாகப் பொருந்துகிறது! 1073 வாக்கில் வெட்டிய கல்வெட்டு 1116-க்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது.

தடித்த எழுத்தும் இதே கதைதான். இந்தக் கோப்பில் 'ராஜகேசரி' போன்ற சொற்கள் தடிமனாக இருப்பது அழகுக்காக இல்லை. கல்லில் அந்த எழுத்துகள் கிரந்தத்தில் உள்ளன என்று அர்த்தம். சிதைந்த இடத்தைக் காட்டும் அடைப்பு மட்டும் தப்பித்தது. அது எழுத்தாகவே கோப்பில் இருக்கிறதே!

அதனால் வெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டு, பேஜ்மேக்கரிலிருந்து ஆர்டிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து, லிப்ரே ஆபீஸில் திறந்து எச்டிஎம்எல் ஆகச் சேமித்தேன். தடிமன், மேலெழுத்து எல்லாம் குறிகளாகப் பத்திரமாக வந்தன. பிறகு ஒரு சின்ன பைத்தான் நிரலால், பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றினேன். எழுத்துருப் பெயரைப் பார்க்காமல் மொத்தமாக மாற்றினால், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும்.

இதிலும் ஒரு இடத்தில் மாட்டினேன். பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என மூன்று தட்டல்கள், கண்ணுக்குத் தெரியும் வரிசையில். யூனிகோடில் ககரம்தான் முதலில். தட்டச்சு செய்தவர் கொம்பை விட்டுவிட்டு ககரத்திலிருந்து தடிமனாக்கியிருந்தால், கொம்பு ஒரு துண்டிலும் மற்றது அடுத்த துண்டிலும் இருக்கும். அச்சில் யார் கவனிப்பார்கள்? திரையில் புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கிறது. துண்டின் கடைசியில் கொம்பு இருந்தால் அடுத்த துண்டுக்குத் தள்ளிவிட்டு, அப்புறம் மாற்றும்படி நிரலைத் திருத்தினேன்.

வரி எண்ணை மேலெழுத்தாகவே வைத்தாலும் போதவில்லை. வாசகர் நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் மறுபடியும் 47! அடைப்புக்குள் போடலாம் என்றால், சிதைவைக் காட்டும் அடைப்போடு குழம்பும். கடைசியில் எண்ணை உரையிலிருந்தே எடுத்து, குறியின் பண்பாக வைத்து, சிஎஸ்எஸ் வழியாகத் திரையில் மட்டும் காட்டினேன். நகலெடுக்கும்போது அது கூட வராது. வரி எண் வேண்டுகிறவர்கள் பக்கத்துக்கே வந்துதான் பார்க்க வேண்டும். அந்தச் சிரமம் பரவாயில்லை. கிரந்தத்துக்கும் வெறும் தடிமன் குறி போடாமல் 'கிரந்தம்' என்றே வகுப்புப் பெயர் கொடுத்துவிட்டேன். நாளை யாராவது கிரந்தச் சொற்களை மட்டும் தேடி எடுக்கலாம்.

அரை மணி நேர வேலை மூன்றாவது வாரத்தில் இருக்கிறது. யாண்டு எண்களை மட்டும் அச்சுப் பிரதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.