வக்கீலிடம் சொன்னது யாருக்குச் சொந்தம்?

வக்கீல் அறையின் கதவைச் சாத்திவிட்டு ஒருவர் சொல்கிறார்: “சார், அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்தான். கேஸை நீங்கதான் நடத்திக் கொடுக்கணும்.” அடுத்த நாள் இன்னொருவர் வந்து உட்காருகிறார்: “சார், இந்தப் பத்திரம் போலிதான். இதை வெச்சு வழக்குப் போட்டு இடத்தை என் பேருக்கு வாங்கிக் கொடுங்க.” இரண்டு பேச்சும் போலி ஆவணத்தைப் பற்றியதுதான். முதல் ஆள் சொன்னதை, அவர் சம்மதிக்காமல், வக்கீல் எந்த நீதிமன்றத்திலும் வாயைத் திறந்து சொல்ல முடியாது. இரண்டாம் ஆள் சொன்னதற்குத் துளியும் பாதுகாப்பு இல்லை.

இந்த இருவரும் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறார்கள். இங்கே பேசும் தமிழ் மட்டும்தான் நாம் கொடுத்தது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வடித்துக் கொடுத்த 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், 126-ஆவது பிரிவுக்கு உதாரணங்களாக இவர்களைத் தந்தது. குற்றம் செய்தவர் என்று தெரிந்தே ஒருவருக்காக வாதாடுவது குற்ற நோக்கம் ஆகாது என்ற விளக்கமும் அங்கேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. பிரிவு எண் 132 ஆனது. ஆனால் அந்த உதாரணங்களை யாரும் கலைக்கவில்லை.

மூன்றாவதாக ஓர் உதாரணம் உண்டு. அதுதான் கூடுதல் சுவாரஸ்யம். பணம் கையாடியதாக ஒருவர் மேல் வழக்கு. அவருக்காக வக்கீல் ஆஜராகிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கட்சிக்காரரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார். கையாடியதாகச் சொல்லப்படும் தொகை, கட்சிக்காரர் பேரிலேயே பற்று வைக்கப்பட்டிருக்கிறது. வக்காலத்து வாங்கிய நாளில் அந்த வரி புத்தகத்தில் இல்லை. அதாவது, வழக்கு வந்த பிறகு யாரோ உட்கார்ந்து எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். இதை ரகசியம் என்று வக்கீல் மூடி வைக்க முடியாது. அந்த வரியைக் கட்சிக்காரர் சுட்டிக் காட்டினாரா, வக்கீல் கண்ணிலேயே பட்டதா என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஆக, விதிவிலக்குகள் இரண்டே. சட்டவிரோதமான காரியத்தை நடத்திக்கொள்வதற்காகச் சொன்ன பேச்சு. வேலையை ஏற்றுக்கொண்ட பின் குற்றமோ மோசடியோ நடந்திருப்பதை வக்கீல் நேரில் கண்ட விவரம். நடந்து முடிந்த குற்றத்தைப் பற்றி, தற்காப்புக்காகக் கட்சிக்காரர் சொன்னது எதுவானாலும் உள்ளேயே இருக்க வேண்டும். வழக்கு முடிந்து ஃபைல் பரணுக்குப் போனாலும், வேறு வக்கீல் மாற்றினாலும் இந்தக் கடமை தீராது.

இதை வக்கீலுக்குக் கிடைத்த சலுகை என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் இந்தப் பூட்டின் சாவி இருப்பது கட்சிக்காரர் கையில். அவர் வெளிப்படையாகச் சம்மதித்தால் வக்கீல் பேசலாம். வக்கீல் தானாக விரும்பிப் பேச முடியாது. மீறினால் தொழில் ஒழுங்குப் பிரச்சினை. பார் கவுன்சில் விதிகளிலும் இந்தக் கடமை தனியாக இருக்கிறது. கட்சிக்காரரே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாலும், அதனாலேயே அவர் சம்மதம் கொடுத்துவிட்டார் என்று கொள்ளக் கூடாது என்கிறது 133-ஆவது பிரிவு. 134-ஆவது பிரிவு இன்னொரு பக்கத்தை அடைக்கிறது: தன் சட்ட ஆலோசகரிடம் ரகசியமாகப் பேசியதைச் சொல்லும்படி கட்சிக்காரரையும் நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது. அவரே சாட்சியாக முன்வந்தால், அவருடைய சாட்சியத்தை விளக்கத் தேவையான அளவுக்கு மட்டும் கேட்கலாம்.

குமாஸ்தாக்களையும் சட்டம் மறக்கவில்லை. வக்கீலின் குமாஸ்தா, ஊழியர், மொழிபெயர்ப்பாளர் எல்லாருக்கும் அதே கடமைதான். ஊரில் பாதி வழக்கு விவரம் குமாஸ்தா மேஜையில்தானே முதலில் இறங்குகிறது!

ஆனால் நம் ஊர் வழக்கம் ஒன்று இதில் இடிக்கும். யாரும் வக்கீலைத் தனியாகப் பார்க்கப் போவதில்லை. அண்ணன் வருவார், மைத்துனர் வருவார், வக்கீலை அறிமுகப்படுத்திய ஏரியா பிரமுகரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். 132-ஆவது பிரிவு கட்டுவது வக்கீலின் வாயையும் குமாஸ்தாவின் வாயையும்தான். மைத்துனரின் வாயை அல்ல. நாளை சொத்துத் தகராறில் அவர் எதிர்க்கட்சி பக்கம் போய்விட்டால், காதால் கேட்டதைச் சொல்வதை இந்தப் பிரிவு தடுக்காது. வக்கீல் அனுப்பிய ஆலோசனையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவதும் இதே வகைதான்.

டாக்டரிடமும் வக்கீலிடமும் உண்மையை மறைக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். சாட்சியச் சட்டம் இதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவருக்குத் தொழில் அறம். ஆனால் நீதிமன்றம் கூப்பிட்டுக் கேட்டால், வக்கீலுக்குள்ள சட்டத் தடை அவருக்கு இல்லை. ஆடிட்டருக்கும் இல்லை. காரணம் எளிது. கைதானவருக்குத் தன் விருப்பப்படி வக்கீலைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு தருகிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமையை 20-ஆவது பிரிவு தருகிறது. சொன்னதெல்லாம் வக்கீல் வழியாகப் போலீஸுக்குப் போகும் என்றால் இரண்டு உரிமையும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இவ்வளவு பழைய விதி, 2025-இல் திடீரென்று தலைப்புச் செய்தி ஆனது. அந்த ஜூன் மாதம் மூத்த வழக்கறிஞர்கள் இருவருக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. ஒருவர் சென்னையைச் சேர்ந்த அரவிந்த் தாத்தார், மற்றவர் பிரதாப் வேணுகோபால். ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர் பங்கு ஒதுக்கீடு பற்றிக் கொடுக்கப்பட்ட சட்டக் கருத்து தொடர்பான விசாரணை அது. கருத்து எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் நாளைக்கு யார் துணிந்து கருத்து எழுதுவார்கள் என்று வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தன. சம்மன்கள் திரும்பப் பெறப்பட்டன. ஜூன் 20 அன்று அமலாக்கத் துறையே ஒரு சுற்றறிக்கை விட்டது: 132-ஆவது பிரிவை மீறி எந்த வழக்கறிஞருக்கும் சம்மன் கூடாது; விதிவிலக்கின் கீழ் அனுப்புவதானாலும் இயக்குநரின் முன் அனுமதி வேண்டும்.

அதே வேளையில் குஜராத்திலிருந்து சத்தமில்லாமல் இன்னொரு வழக்கு டெல்லிக்கு வந்து சேர்ந்தது. கடன் தகராறு ஒன்றில் கைதானவருக்கு ஒரு வழக்கறிஞர் ஜாமீன் வாங்கிக் கொடுத்திருந்தார். வழக்கின் விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அகமதாபாத் போலீஸ் அவரையே விசாரணைக்கு அழைத்தது. குஜராத் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.வி. விஸ்வநாதன், என். கோடீஸ்வர் சிங் அமர்வு அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்து, வக்கீலை இப்படி அழைக்கலாமா என்ற பெரிய கேள்வியைத் தலைமை நீதிபதி முன் வைத்தது. பெரிய பெயர்களுக்கு வந்த சம்மன்தான் பத்திரிகைகளில் பேசப்பட்டது. நியாயமாகப் பார்த்தால் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது சம்மனைப் பற்றித்தான். மாவட்ட நீதிமன்றத்தில் ஜாமீன் மனு போடும் எந்த வக்கீலுக்கும் அது வரலாம். அவருக்காகச் சங்கம் திரண்டு நிற்கும் என்ற உறுதி கிடையாது.

உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2025 அக்டோபர் 31 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் கே. வினோத் சந்திரன், என்.வி. அஞ்சாரியா அமர்வு தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் வினோத் சந்திரன். அகமதாபாத் சம்மன் ரத்தானது. இனி, குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜராகும் வழக்கறிஞரை அழைத்து வழக்கு விவரம் கேட்கக் கூடாது. விதிவிலக்கு பொருந்துகிறது என்று விசாரணை அதிகாரி கருதினால், எந்தச் சங்கதியை வைத்து அப்படிச் சொல்கிறார் என்பதைச் சம்மனிலேயே எழுத வேண்டும். எஸ்.பி. பதவிக்குக் குறையாத மேலதிகாரி அதைப் பார்த்து, தம் திருப்தியை எழுத்தில் பதிந்து, ஒப்புதல் தர வேண்டும். கோர்ட்டுக்கே போகாமல் வெறும் ஆலோசனை மட்டும் கொடுத்த வழக்கறிஞருக்கும் பாதுகாப்பு உண்டு.

சம்மனுக்கு முன்பே ஒரு நீதித்துறை நடுவர் பார்க்க வேண்டும், வழக்கறிஞர் குழு ஒன்று பரிசீலிக்க வேண்டும் என்ற யோசனைகளை நீதிமன்றம் ஏற்கவில்லை. இருக்கிற சட்டமே போதும் என்றது. அனுமதி கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே துறையில் இருக்கும்போது அந்தக் கையெழுத்து எவ்வளவு தயக்கத்தோடு விழும் என்ற சந்தேகம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

பேச்சுக்குக் கிடைத்த பாதுகாப்பு காகிதத்துக்குக் கிடைக்கவில்லை. கட்சிக்காரரின் ஆவணங்கள் வக்கீலின் அலமாரியில் இருப்பதாலேயே 132-ஆவது பிரிவின் நிழலுக்குள் வந்துவிடாது என்று தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் குற்ற வழக்கில் அவற்றைக் கேட்டால், ஒப்படைக்க வேண்டிய இடம் காவல் நிலையம் அல்ல, நீதிமன்றம். ஆட்சேபம் இருந்தால் அங்கேதான் முடிவாகும். லேப்டாப், கைபேசி போன்றவற்றுக்கு இன்னும் கண்டிப்பு. ஒரு வக்கீலின் லேப்டாப்பில் ஒரு வழக்கு மட்டுமா இருக்கும்? சம்பந்தப்பட்ட கட்சிக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பி, ஆட்சேபத்தைக் கேட்ட பிறகே சாதனத்தைத் திறக்கலாம். அதுவும் கட்சிக்காரர், வக்கீல் இருவர் முன்னிலையில். அவர்கள் தேர்ந்தெடுக்கும் தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரின் உதவியோடு. மற்றக் கட்சிக்காரர்களின் விவரம் கசியக் கூடாது.

தீர்ப்பில் ஏமாந்தவர்கள் என்றால் வங்கிகளிலும் ஆலைகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரிகள்தான். முழுநேர ஊழியராகிவிட்டவர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் அல்ல. எனவே 132-ஆவது பிரிவு அவருக்கு இல்லை. நிறுவனம் வெளி வழக்கறிஞரைக் கலந்துகொண்டால், அந்த வழக்கறிஞரோடு இவர் நடத்திய கடிதப் போக்குவரத்துக்கு 134-ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு. நிர்வாக இயக்குநர் நடைபாதையில் நிறுத்தி “இது சட்டப்படி சரியா?” என்று இவரிடம் கேட்டதற்கும் இவர் மின்னஞ்சலில் எழுதிய பதிலுக்கும் கிடையாது. அன்றாடம் சட்டச் சிக்கல் முதலில் வந்து விழுவது இவர் மேஜையில்தான் என்பதால், இனி நிறுவனங்கள் எதை எழுத்தில் கேட்பது என்று யோசித்துத்தான் கேட்கும்.

இந்த வரம்புகளை மீறி ஒரு சம்மன் வந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 528-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். தமிழ்நாட்டில் அந்த மனு சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போகும். சம்மன் வந்திருப்பது வக்கீல் பேருக்கு என்றாலும், மனுவை அவர்தான் போட வேண்டும் என்பதில்லை, கட்சிக்காரரே போடலாம்.