பழைய லாரியின் அசலைக் கண்டறிதல்

வங்கி மொழியில் அசல் என்பது வட்டி சேராத முதல் தொகை. நெடுநாள் ஓடிய கடன் கணக்கில் வட்டி, கட்டணம், திரும்பச் செலுத்திய தவணை எல்லாம் கலந்து கிடக்கும். அவற்றைக் கழித்து முதலை மட்டும் தனியே எடுத்துக் காண்பதற்குப் பழைய பேரேடுகள் வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட லாரியின் அசல் வடிவத்தைத் தேடுவதும் ஏறக்குறைய இதே போன்ற கணக்குத்தான்.

கார் பெரும்பாலும் குடும்பப் பயன்பாட்டுக்கு வாங்கப்பட்டது. லாரி சம்பாதிப்பதற்காக வாங்கப்பட்டது. எஞ்சின் தேய்ந்தால் கிடைத்த எஞ்சினை ஏற்றினார்கள். நீளமான சரக்கு வந்தால் அடிச்சட்டத்தை வெட்டி நீட்டினார்கள். பெட்ரோல் கட்டுப்படியாகாதபோது டீசலுக்கு மாற்றினார்கள். உரிமையாளருக்கு அதுவே தொழில் அறிவு. ஆயினும் பாட்டனார் ஓட்டிய வண்டியை மீட்டெடுக்க விரும்பும் போக்குவரத்துக் குடும்பத்தினருக்கும், சேகரிப்பாளருக்கும் இன்று எழும் கேள்வி ஒன்றே: தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இவ்வண்டி எப்படி இருந்தது?

இக்கேள்விக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. வாகனக் கடனில் வண்டியின் வயதை வங்கிகள் முதலில் பார்க்கும். ஆகவே இத்தகைய லாரிகள் பெரும்பாலும் சொந்தச் சேமிப்பைக் கொண்டே வாங்கப்படுகின்றன. கடன் இல்லையென்றால் வங்கியின் ஆய்வும் இல்லை. மதிப்பீட்டாளர் வருவதில்லை, ஆவணங்களைச் சரிபார்ப்பாரும் இல்லை. வங்கி செய்யும் ஆய்வை வாங்குபவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முகப்புச் சின்னம் போதிய சான்றாகாது

பலரும் முதலில் பார்ப்பது ரேடியேட்டர் முகப்பிலுள்ள சின்னத்தை. ஆனால் வண்டியில் எளிதில் கழற்றவும் மாட்டவும் கூடிய பொருள் அதுவே.

டெல்கோ எனப்பட்ட டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் 1954-இல் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அவ்வண்டிகள் டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் என்ற பெயருடனும் மூன்று முனை நட்சத்திரத்துடனும் வெளிவந்தன. 15 ஆண்டு ஒப்பந்தம் 1969-இல் முடிந்தபின் நட்சத்திரம் நீங்கி டாடாவின் சொந்தச் சின்னம் வந்தது. எனினும் மக்கள் வழக்கில் ‘பென்ஸ் லாரி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது; பிற்கால வண்டிகளிலும் நட்சத்திரத்தைப் பொருத்திக்கொண்டவர்கள் உண்டு. எனவே நட்சத்திரத்தை மட்டும் கண்டு ஆண்டை முடிவு செய்தல் தவறாகும்.

சென்னையில் 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தி விற்றது. பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் ஏற்பட்ட உறவால் லாரித் தொழிலுக்கு வந்து, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அமெரிக்காவின் கிரைஸ்லர் உரிமத்தில் டாட்ஜ், ஃபார்கோ, டி சோட்டோ ஆகிய பெயர்களில் லாரிகளை விற்றது. இவை பெரும்பாலும் ஒரே வண்டியின் வெவ்வேறு பெயர்களே. ஆதலால் ஃபார்கோவின் முகப்பு டாட்ஜில் இருப்பது வியப்பன்று. அதை முறைகேடு என்று உடனே சொல்லிவிடவும் இயலாது.

எண்கள் பேசும் மொழி

மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி விவரம் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும், ஒவ்வொரு காலத்துக்கும் இலக்கணம் வேறு.

டாடா 1210 என்பதில் முதல் இரு இலக்கங்கள் சரக்குடன் கூடிய மொத்த எடையை டன்னில் குறிக்கும். அடுத்த இரண்டு குதிரைத்திறனைப் பத்தின் மடங்காகக் குறிக்கும். அதாவது ஏறத்தாழ 12 டன், 100 குதிரைத்திறன். 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். சாய்கோட்டுக்குப் பின் 42 அல்லது 48 என்று வந்தால், முன் பின் ஆக்சில்களுக்கு இடைப்பட்ட நீளம் ஏறத்தாழ 4.2 அல்லது 4.8 மீட்டர். இந்த இலக்கணத்தைக் கூட்டுறவின் தொடக்கக் கால 312 என்ற எண்ணுக்குப் பொருத்திப் பார்த்தால் தவறான விடையே கிடைக்கும்; அது வடிவமைப்பாளர் இட்ட குறியீட்டு எண் மட்டுமே.

எஞ்சினின் பெயரும் இவ்வாறே. டாடா 692 என்பது 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் உள்விட்டம். 697 என்பது 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர். முன்னதன் கொள்ளளவு ஏறத்தாழ 4.8 லிட்டர், பின்னதன் கொள்ளளவு 5.7 லிட்டர். லேலண்ட் மரபில் 350, 370, 400 என்பவை கன அங்குலக் கொள்ளளவைச் சுட்டுவன. 370 ஏறத்தாழ 6 லிட்டருக்கும், 400 ஆறரை லிட்டருக்கும் சமம். பெர்கின்ஸ் 6.354 என்பதில் புள்ளிக்கு முன் சிலிண்டர் எண்ணிக்கை, பின் கன அங்குலம்.

அலகுகளிலும் விழிப்பு வேண்டும். நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்து படிப்படியாகவே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட ஆவணங்களில் எடை ராத்தலிலும் பிரிட்டிஷ் டன்னிலும் இருக்கும். பிரிட்டிஷ் டன் என்பது 2,240 ராத்தல், அதாவது 1,016 கிலோ. அக்காலத்தில் ‘5 டன் லாரி’ என்பது பெரும்பாலும் ஏற்றத்தக்க சரக்கின் எடை. வண்டியின் எடை அதில் சேராது. இன்றைய சட்ட வரம்பைக் கொண்டும் அன்றைய திறனை அளக்கக் கூடாது. இரண்டு ஆக்சில் லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018-இல்தான் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது.

முதல் சாட்சி: இரும்பு

அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண்ணே வண்டியின் உண்மையான பெயர். இன்றுள்ள 17 இலக்க முறை அன்று இல்லை. நிறுவனம் தோறும் எண்ணின் அமைப்பு மாறுபட்டது. பொறித்த இடத்தில் அழுக்கையும் பழைய வண்ணத்தையும் மென்மையாக நீக்கி, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்க வேண்டும். வாகனக் கடன் கோப்புகளில் இந்தப் பென்சில் அச்சை வாடிக்கையாளர்கள் பார்த்திருக்கக்கூடும். கண்ணுக்குத் தப்பும் குறைகளையும் அது காட்டிக்கொடுக்கும். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இல்லை, ஓர் இலக்கத்தின் வடிவம் மட்டும் வேறுபடுகிறது, சுற்றியுள்ள இரும்பு அராவப்பட்டிருக்கிறது அல்லது பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. திருட்டு வண்டியாக இருக்கும் வாய்ப்பை எந்த விலைக் குறைப்பும் ஈடுசெய்யாது.

அடுத்து, முன் ஆக்சிலின் நடுவிலிருந்து பின் ஆக்சிலின் நடு வரை அளந்து, மாடலுக்குரிய அளவுடன் ஒப்பிடுக. தொழிற்சாலை அடிச்சட்டத்தின் குறுக்குச் சட்டங்கள் பொதுவாக ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட்டோ, நீளச் சட்டத்தில் பற்றவைத்த ஒட்டுத் தகடோ இருந்தால் சட்டம் நீட்டப்பட்டோ பழுதுபார்க்கப்பட்டோ இருக்கலாம்.

எஞ்சின் கட்டையில் பொறித்த எண் வேறு. வார்ப்பிலேயே எழும்பியிருக்கும் எண்ணும் தேதியும் வேறு. வார்ப்புத் தேதி வண்டியின் முதல் பதிவுத் தேதிக்குப் பிற்பட்டதாக இருந்தால், அந்த எஞ்சின் பின்னர் வந்தது என்பதில் ஐயமில்லை. எரிபொருள் பம்பில் அறைந்துள்ள சிறு தகட்டையும் குறித்துக்கொள்க. அதிலுள்ள வகை எண் எந்த எஞ்சினுக்கு உரியது என்பதைப் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறையில் கூறிவிடுவர்.

கூண்டைப் பொறுத்தவரை ஒரு தெளிவு தேவை. நம் நாட்டில் லாரி நெடுங்காலம் அடிச்சட்டமும் எஞ்சின் மூடியுமாகவே விற்கப்பட்டது. ஓட்டுநர் அறையையும் சரக்குப் பெட்டியையும் நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகள் மரத்தாலும் தகட்டாலும் கட்டித் தந்தன. எனவே ‘தொழிற்சாலைக் கூண்டு’ என்று தேடினால் பல வண்டிகளுக்கு அது கிடைக்காது. ஏனெனில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அக்காலப் பட்டறைக் கூண்டு எஞ்சியிருந்தால் அதையே அசலாகக் கொண்டு காப்பாற்றுவதே முறை.

இரண்டாம் சாட்சி: பதிவுச் சான்று

இரும்பு கூறியதைத் தாளுடன் ஒப்பிட வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்டிகள் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. பழைய பதிவுப் புத்தகத்தில் சேசிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள், சக்கர இடைவெளி, டயர் அளவு, வெற்றெடை ஆகியவற்றோடு பிற்கால மாற்றங்களும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கும். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் அடிக்கப்பட்டு டீசல் எழுதப்பட்டிருந்தால் ஒரு பெரிய புதிர் விடுபடுகிறது. டாட்ஜ் வண்டியில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் இருப்பது பிறவியிலேயே வந்ததா, இடையில் ஏற்றியதா என்ற வினாவுக்கு இத்தகைய குறிப்பே விடை தரும்.

புத்தகம் தொலைந்திருந்தால் முதல் பதிவு நடந்த அலுவலகத்தின் பதிவேட்டைத் தேட வேண்டும். விவரங்கள் கணினியில் ஏற்றப்பட்டுள்ளனவா என்பதையும் உறுதி செய்துகொள்க.

அத்துடன் கடன் குறிப்பையும் பாருங்கள். முற்காலத்தில் கடன் தந்த நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் எழுதப்பட்டு, கடன் தீர்ந்த பின்னும் நீக்கப்படாமல் இருப்பதுண்டு. படிவம் 35-உம் கடன் தந்தவரின் சம்மதமும் இன்றி அக்குறிப்பு நீங்காது. நீங்காதவரை பெயர் மாற்றம் தடைப்படும். கடன் தந்த நிறுவனமே மூடப்பட்டிருந்தால் தீர்வு காண நாளாகும். விற்பவர் இதைத் தீர்த்துத் தரும்வரை முழுத்தொகையைக் கொடுக்காமலிருப்பது விவேகம். சாலை வரி நிலுவைக்கும் இதுவே பொருந்தும்.

மூன்றாம் சாட்சி: அக்கால அச்சு

இரும்பும் தாளும் ஒத்துப்போன பின், அந்த மாடல் எவ்வாறு விற்கப்பட்டது என்பதை அக்காலத்து அச்சிலிருந்து அறிய வேண்டும். உதிரிபாகப் பட்டியல், பட்டறைக் கையேடு, ஓட்டுநர் கையேடு ஆகியவை முதன்மையானவை. இவற்றிலும் உதிரிபாகப் பட்டியலே சிறந்தது. எந்தச் சேசிஸ் எண்ணிலிருந்து எந்தப் பாகம் மாறியது என்பதை அது குறிப்பிடுவதுண்டு. பழைய உதிரிபாகக் கடைகளிலும் பட்டறைகளிலும் இவை இன்னும் கிடைக்கக்கூடும்.

நாளிதழ் விளம்பரங்களும் உதவும். சென்னை கன்னிமாரா பொது நூலகம் நாட்டின் வைப்பு நூலகங்களுள் ஒன்று. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்கள் அதற்கு அனுப்பப்படுகின்றன. டாடா வண்டிகளின் பின்னணியை அறியப் புனேயிலுள்ள டாடா மத்திய ஆவணக் காப்பகத்தை அணுகலாம். மும்பையில் ஃபோர்டு 1926-இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலும் தொடங்கிய ஆலைகளில் வெளிநாட்டுப் பாகங்களைப் பொருத்தி வண்டிகள் உருவாக்கப்பட்டன. அவற்றுக்கு அயல்நாட்டு ஆவணங்களே மூலம்.

ஓர் எச்சரிக்கை: விளம்பரத்தின் குதிரைத்திறனும் கையேட்டின் குதிரைத்திறனும் வேறுபடலாம். ஆண்டும் வெளியீட்டு எண்ணும் அச்சிட்ட கையேட்டையே மேலாகக் கொள்க.

சட்டத்தின் எல்லை

சட்டப் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் வண்டியை மாற்ற உரிமையாளருக்கு உரிமை இல்லை. எஞ்சினை மாற்றவும் பதிவு அலுவலகத்தின் அனுமதி தேவை. அசலுக்குத் திரும்புவதற்காகச் செய்யும் மாற்றத்துக்கும் இது பொருந்தும் என்பதை மறக்கலாகாது.

2021 ஜூலையில் மத்திய அரசு தொன்மை வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரும் மாற்றமின்றி அசல் வடிவில் உள்ள இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட பதிவெண் தரப்படும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்த இயலாது. உங்கள் லாரி இவ்விதியின்கீழ் வருமா என்பதை, வாங்குமுன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.

முன்பணம் கொடுக்குமுன்

மூன்று சாட்சிகளும் ஒன்றையே சொன்னால் வண்டி தன் அசலோடு இருக்கிறது. இரண்டு ஒத்து ஒன்று முரண்பட்டால், முரண்படும் பாகம் எந்நாளில் மாறியது என்று தேடுக. மாற்றம் முறையாகப் பதிவாகியிருந்தால் அது குற்றமன்று, வண்டியின் வரலாறு. விலையை மட்டும் அதற்கேற்பப் பேச வேண்டும். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் அது ஒரு வண்டியன்று, பல வண்டிகளின் தொகுப்பு. வாங்காமல் திரும்புதலே சேமிப்பு.

வாங்க முடிவு செய்தால், முன்பணத்தை வங்கி வழியாகவே செலுத்தி, ரசீதில் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் எழுதி வாங்குக. பின்னர் பென்சில் அச்சு, பதிவுச் சான்றின் நகல், அளவுக் குறிப்புகள், கையேட்டின் பக்கங்கள், இன்று எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் முதல் போல்ட்டைக் கழற்றுமுன் அக்கோப்பு முழுமையடைந்திருக்க வேண்டும். கழற்றிய பின் சில தடயங்கள் திரும்பக் கிடைக்கமாட்டா.