வேடியப்பனும் நடுகல்லும்: தொல்பழங்காலத்தைக் கற்பதற்கான சொற்கள்

எழுத்துச் சான்றுகள் தோன்றுவதற்கு முற்பட்ட மனித வாழ்வின் நெடுங்காலமே தொல்பழங்காலம் எனப்படுகிறது. டென்மார்க் அறிஞர் தாம்சன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருவிகள் செய்யப்பட்ட பொருளைக் கொண்டு அக்காலத்தைக் கல், வெண்கலம், இரும்பு என மூன்றாகப் பகுத்தார். 1865இல் ஜான் லுப்பக் கற்காலத்தைப் பழைய கற்காலம், புதிய கற்காலம் என மேலும் பிரித்தார். தமிழகத்திலோ வெண்கலக்காலம் தனிக் கட்டமாக அமையாமல், புதிய கற்காலத்தை அடுத்து இரும்புக்காலமே வருகிறது.

பாடநூலில் அயன்மையாகத் தோன்றும் இச்சொற்கள் குறிக்கும் பொருள்கள், கடத்தூரை உள்ளடக்கிய தருமபுரி வட்டாரத்து மக்களுக்குப் புதியவை அல்ல. அவர்கள் அவற்றை வேறு பெயர்களால் அறிந்திருக்கிறார்கள். கல்லைச் செதுக்கிக் கருவி செய்தது பழைய கற்காலம். கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கி, பயிரிட்டு, கால்நடை வளர்த்து ஓரிடத்தில் தங்கியது புதிய கற்காலம். அவ்வாறு தேய்த்த கற்கோடரிகள் சேர்வராயன் மலையூர்களில் பிள்ளையாராக வழிபடப்பட்டதை, 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த இராபர்ட் புரூஸ் பூட் பதிவு செய்துள்ளார்.

இரும்புக்கால மக்கள் இறந்தோருக்காகப் பெருங்கற்களைக் கொண்டு எழுப்பியவை பெருங்கற்படைச் சின்னங்கள். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்துத் தரைக்கு மேல் அமைத்தால் அது கற்திட்டை. தரைக்குள் அமைத்தால் கற்பதுக்கை. பலகைக் கல்லில் குடையப்பட்ட வட்டத் துளை இடுதுளை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் மிகுதியாகக் காணப்படும் இத்தகைய கற்திட்டைகளையே வடதமிழகத்துச் சிற்றூர்கள் பல பாண்டவர் வீடு என்கின்றன. போரிலோ ஆநிரை மீட்பிலோ உயிர்நீத்த வீரனுக்கு எடுக்கப்பட்ட நடுகல், தருமபுரிப் பகுதியில் வேடியப்பன் என்னும் தெய்வமாக இன்றும் வழிபடப்படுகிறது. இந்நடுகற்களுள் சில தமிழ் வட்டெழுத்துப் பொறிப்புகளைத் தாங்கி நிற்பதால் எழுத்தின் வரலாற்றுக்கும் சான்றாகின்றன.

இப்பொருள்களின் வயதை அறிய உதவும் சொற்களுள் தலையாயது மண்ணடுக்கு. கலைக்கப்படாத நிலத்தில் கீழடுக்கு மேலடுக்கைவிடப் பழையது என்பதே அதன் அடிப்படை. உயிர்ப்பொருள் இறந்தபின் அதிலுள்ள கதிரியக்கக் கரிமம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதை அளப்பது கரிமக் காலக்கணிப்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு பொது ஆண்டுக்கு முன் 2172 வரை பழமையானது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது, அகழாய்வில் மண்ணடுக்கோடு சேர்த்து எடுக்கப்பட்ட மாதிரிகளை இம்முறையில் ஆராய்ந்த பின்னரே.

ஆகவே இடம்பெயர்க்கப்பட்ட கல் தன் வரலாற்றில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. வயல்வெளியில் பழங்கல்லோ பானை ஓடோ கண்ணில் பட்டால் அதை எடுக்காமல், உடைக்காமல், இருந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதும், வேடியப்பன் கோயிலைக் கடக்கும் பிள்ளைக்கு நடுகல் என்னும் சொல்லையும் சேர்த்துச் சொல்லித் தருவதும் இவ்வட்டாரத்துப் பெரியோர் ஒவ்வொருவரின் கடமையாகும்.