பண்டைக் கணக்கு

உழவும் நெசவும் வாணிகமும் ஓங்கிய நாட்டிற் கணக்கும் ஓங்கும். நிலத்தை அளக்கவும், நெல்லைப் பகுக்கவும், இழையை எண்ணவும் கணக்கறிவு இன்றியமையாதது. ஆரணியை அடுத்த பெரணமல்லூர் போன்ற ஊர்களிற் பட்டு நெய்வோர், பாவிழையின் எண்ணிக்கையிற் பிழைப்பின் ஆடையின் அகலமும் பிழைபடும். அப்பட்டின் தாயகமாகிய சீன நாட்டிலும் இத்தகைய தேவைகளே கணித நூல்களைத் தோற்றுவித்தன.

சீனரின் பழைய கணித நூல்களுள் தலைசிறந்தது ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்பது. அது 246 கணக்குகளை உடையது. அதன் முதற்பகுதி வயல்களை அளக்கும் முறையைக் கூறுவது. அந்நூலுக்குக் கி.பி. 263-இல் லியூ ஹுய் என்னும் அறிஞர் உரை வரைந்தார். வட்டமான வயலின் பரப்பை அறிய, சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்குக என்பது அந்நூல் கூறும் விதி. கி.பி. 476-இற் பிறந்த ஆரியபட்டரின் ஆரியபடீயமும், காரி நாயனார் தமிழிற் செய்த கணக்கதிகாரமும் இவ்விதியையே உரைக்கின்றன. விட்டம் 14 முழமும் சுற்று 44 முழமும் ஆயின், 7-ஐ 22-ஆற் பெருக்க, 154 சதுர முழம் கிடைக்கும். மொழி வேறாயினும் உண்மை ஒன்றே அன்றோ?

தமிழர் பின்னக் கணக்கில் தனித்திறம் பெற்றிருந்தனர். இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. மாவும் காணியும் கூடினால் மாகாணி. அது பதினாறில் ஒன்று. அதனையே வீசம் என்றும் வழங்குவர். முந்திரியை மேலும் 320 கூறாக்கிய ஒரு கூறு கீழ்முந்திரி எனப்படும். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களில் நில அளவுகள் இத்தகைய நுண்ணிய பின்னங்களாற் குறிக்கப்பட்டுள்ளன. திண்ணைப் பள்ளிச் சிறுவர் இவற்றை எண்சுவடி வாயிலாக மனனம் செய்தனர்.

ரூபாய் ஒன்றுக்கு 16 அணா என வழங்கிய காலத்தில் ஓரணாவே ஒரு வீசம். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல்நாள் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. கணக்கு எளிதாயிற்று, பழைய பின்னங்களோ வழக்கு வீழ்ந்தன. எனினும், பெரும்பகுதி முடிந்த செயலை ‘முக்காலே மூன்று வீசம்’ முடிந்தது என்று மக்கள் கூறுவர். முக்காலும் மூன்று வீசமும் கூடினால் பதினாறிற் பதினைந்து. எஞ்சியது ஒரு வீசமே.

இப்பின்னங்களை அறியாதார்க்கு முன்னோரின் கல்வெட்டும் ஓலையும் கண்ணெதிரே இருந்தும் பொருள் விளங்கா. ஆதலின், புதுக்கணக்கைக் கற்கும் மாணவர் பழங்கணக்கையும் அறிந்து போற்றுதல் கடனாகும்.