பதிப்புரிமையும் இணையத் தடையும்

வெள்ளவத்தையில் நாம் காணும் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருவன. அவற்றின் களவுப் பிரதிகளைத் தடுக்க அங்கு எழுந்த வழக்குகள் நம் கவனத்துக்கும் உரியன.

2012இல் '3' என்னும் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் அறியப்படாத பிரதிவாதிகளுக்கு எதிராக இடைக்காலத் தடை வழங்கிற்று. இந்திய வழக்குகளில் இத்தகையோருக்கு 'அசோக்குமார்' என்றே பெயர்! எதிர்த்தரப்பைக் கேளாமலே பிறக்கும் ஆணை இது. இணையச் சேவை நிறுவனங்களோ களவுப் பிரதி இருந்த பக்கத்தோடு நில்லாது, விமியோ போன்ற தளங்களை முழுமையாகவே மூடின. ஜூன் 9இல் இந்திய நகரங்கள் சிலவற்றில் இளைஞர் முகமூடியணிந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். ஜூன் 22இல், தடை குறிப்பிட்ட முகவரிக்கே உரியது, தளம் முழுமைக்கும் அன்று என நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று.

எனினும் 2017 ஆகஸ்டில், அதே நீதிமன்ற ஆணைகளின் பேரில் 2,600க்கு மேற்பட்ட தளங்கள் தடுக்கப்பட்டபோது, ஆய்வாளர் பழைய நூல்களுக்காக நாடும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' ஆவணகமும் அவற்றுள் அகப்பட்டது.

படைப்பாளியின் உரிமையை எவரும் மறுத்திலர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இலங்கையிலும் அதனைக் காக்கின்றது. ஆனால் 2024இல் இங்கு இயற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பதிப்புரிமைக்குப் புறம்பான காரணங்களுக்காகவும் தளங்களைத் தடுக்க வழிவகுத்தது. ஆகவே நாம் கேட்பது இவ்வளவே: தடுக்குமுன் தளத்தாரின் விளக்கம் கேட்கப்படல் வேண்டும்; தடுக்கப்பட்டவற்றின் பட்டியல் பகிரங்கமாதல் வேண்டும்.