அட்டைப்பெட்டி வெறும் குப்பையா?

'அட்டை' என்ற சொல்லை நாம் எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறோம்! பைக்குள் அடையாள அட்டை, திருமணத்திற்கு அழைப்பு அட்டை, புத்தகத்திற்கு மேலட்டை. காட்டில் காலைக் கடித்து இரத்தம் குடிப்பதும் அட்டைதான். ஆனால், கடையிலிருந்து பொருளைப் பத்திரமாக வீடு சேர்க்கும் அட்டைப்பெட்டியைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

அட்டை என்பது தடித்த தாள். பற்பசை வரும் சிறிய பெட்டி ஒற்றை அட்டையால் ஆனது. தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி போன்றவை வருவது நெளி அட்டையில். அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே, அலை அலையாக மடிந்த மூன்றாவது தாள் ஒன்று இருக்கும். அந்த அலைகள் பாரத்தைத் தாங்குகின்றன. இடையில் உள்ள காற்று அதிர்ச்சியைக் குறைக்கிறது.

1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நெளிதாளுக்குக் காப்புரிமை பெற்றபோது, அது பயன்பட்டது உயரமான தொப்பிகளின் உட்புறத்திற்கு! 1871இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைப் பொருள்களைப் பொதிவதற்குப் பயன்படுத்தினார். 1879இல் புரூக்ளினைச் சேர்ந்த ராபர்ட் கெய்ர், ஒரே இயந்திரத்தில் அட்டையை வெட்டவும் மடிப்புக் கோடு போடவும் வழி கண்டார். பெட்டி மலிவானது.

வீட்டிலும் அட்டைக்கு வேலை குறைவில்லை. வீடு மாறும்போது பாத்திரம் பொதியலாம். பிள்ளைகள் பள்ளித் திட்டப்பணிக்கு வீடு, கோபுரம் செய்யலாம். நவராத்திரிக் கொலுவுக்குப் படிகளும் அமைக்கலாம். ஆனால், ஈரமான இடத்தில் அடுக்கி வைத்தால் கரப்பான் பூச்சி குடியேறிவிடும். மின்தூக்கிக்கு முன்னாலும் நடைபாதையிலும் குவித்தால், தீ விபத்தின்போது ஆபத்து.

சிங்கப்பூரில் பழைய பொருள் சேகரிப்பவரை 'காரோங் கூனி' என்கிறோம். மலாயில் அதற்குக் கோணிச்சாக்கு என்று பொருள். அந்தக் கூனியும் நம் கோணியும் உறவுச் சொற்களே. வெயிலில் தள்ளுவண்டியுடன் அட்டை சேகரிக்கும் முதியோரையும் நாம் பார்க்கிறோம். சிலர் உடற்பயிற்சிக்காகவும் கைச்செலவுக்காகவும் சேகரிக்கிறார்கள் என்று 2015இல் அமைச்சர் ஒருவர் கூறியபோது, வயிற்றுப் பிழைப்புக்காகத்தான் என்று பலர் மறுத்தனர். இரண்டு வகையினரும் இருக்கலாம். எப்படியானாலும் கிடைப்பது கிலோவுக்குச் சில காசுதான். முன்பு பெருமளவில் கழிவுத்தாள் வாங்கிய சீனா, 2018இல் விதிகளைக் கடுமையாக்கி, 2021 ஜனவரி 1 முதல் திடக்கழிவு இறக்குமதியையே நிறுத்தியது. அதன் பாதிப்பு அட்டை விலையிலும் தெரிந்தது.

நாம் என்ன செய்யலாம்? பெட்டியைத் தட்டையாக மடித்து, காய்ந்த இடத்தில் வையுங்கள். எண்ணெய் ஊறிய பீட்சா பெட்டியை மறுபயனீட்டுத் தொட்டியில் போடாதீர்கள். ஒரு பெட்டியின் எண்ணெய் மற்ற தாளையும் வீணாக்கும். உங்கள் புளோக்கில் அட்டை சேகரிக்கும் பாட்டி இருந்தால், அவருக்கென்று எடுத்து வைத்து, "சாப்பிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மடிக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால், அவருக்கு அது ஒரு நடை குனிவதை மிச்சப்படுத்தும்.